பூதத்துக்கு வைத்த பொட்டு

என் அத்தான் தோற்று நான் பார்த்ததில்லை. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். கேரம், தாயம், பூப்பந்து, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்ற வாய்ச்சவடால் என எதிலும் அவர் தோற்றதில்லை. மனிதர் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் விதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுவார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கோடு தப்பாகப் போட்டிருக்கிறது என்பார். அக்கா இதையெல்லாம் "அவுரு கொணம் அப்படி லா" என்று ஒரே வரியில் மன்னித்துவிடுவாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குக் கார்டுப் பைத்தியம் பிடித்தது. ராஜா ராணி போட்ட சீட்டுக்கட்டு இல்லை. பூதம், டிராகன், மந்திரவாதி என்று படம் போட்ட கார்டுகள். பொட்டலம் பொட்டலமாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். அப்படிச் சேர்த்ததிலிருந்து ஆளுக்கு அறுபதைப் பொறுக்கி ஒரு கட்டாக வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் உயிர்ப் புள்ளிகளைத் தீர்த்துக்கட்ட வேண்டும். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி. கார்டு தேயாமலிருக்க ஒவ்வொன்றையும் ஸ்லீவ் என்ற ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்வார்கள். எல்லா உறைக்கும் முதுகு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடுத்து வரப்போவது எந்தக் கார்டு என்று யாருக்கும் தெரியக் கூடாது. விளையாட்டு இவ்வளவுதான். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஒரு ஷிஃப்டு முழுவதையும் மேய்க்கும் சூப்பர்வைசர், நாற்பத்தைந்து வயதில், இதற்காகச் சோற்றுத் தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். குழம்பு எது ரசம் எது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை என்று அக்கா சொன்னாள்.

அவரோடு ஆடிக்கொண்டிருந்த நண்பர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டார். ஆள் தேடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார் அத்தான். அக்காவுக்கு மடிக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது. அம்மாவுக்குக் கார்டு என்றாலே தோட்டத்து லயத்து வீடுகளில் சம்பள நாளன்று நடந்த சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். மிச்சம் நான். எண்ணெய்ப்பனை ஆலையில் ஸ்டோர் கிராணி. காலை முதல் மாலை வரை நட்டு, போல்ட்டு, பேரிங்கு என்று எடுத்துக் கொடுத்துக் கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவள். ஆனால் முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண்ணை எங்கள் குடும்பத்தில் வேறொரு கணக்கில் வைத்திருந்தார்கள்.

"நீ சும்மாதானே இருக்கே. வா, சொல்லித் தரேன்" என்றார் அத்தான்.

சொல்லித் தந்தார், அதை மறைக்க மாட்டேன். எனக்கென்று ஒரு கட்டையும் அவரே கட்டிக் கொடுத்தார். ஆனால் அது நான் ஜெயிப்பதற்காகக் கட்டியது இல்லை. போட்டிகளில் பலரும் எந்தக் கட்டை வைத்து ஆடுகிறார்களோ, அதைப் போல ஒன்றைச் செய்து என் கையில் கொடுத்து, அதை அடித்து அடித்துப் பழகுவது அவர் திட்டம். குத்துச்சண்டைக்காரனுக்கு மணல் மூட்டை எதற்கோ, அவருக்கு நான் அதற்கு.

அவரிடம் ஒரு விரல் சித்தாந்தம் உண்டு. கார்டை மேசையில் வைப்பார். ஆனால் ஒரு விரலை அதன் மேலிருந்து எடுக்க மாட்டார். விரலை வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். என் முகம் லேசாக மலர்ந்தால் போதும். "இரு, இரு. நா இன்னும் விடல" என்று கார்டைத் திரும்பக் கைக்குள் எடுத்துக்கொள்வார். விரலை எடுத்துவிட்ட சமயங்களில் "அது சும்மா போட்டுப் பாத்தது மா" என்பார். நான் போட்ட கார்டு மட்டும் போட்டதுதான். ஒரு தடவை திரும்ப எடுக்கப் போனேன். "போட்டில இப்படிலாம் பண்ண முடியாது தெரியுமா? இப்பவே பழகிக்கோ" என்று புத்தி சொன்னார்.

வந்த புதிதில் எல்லாவற்றிலும் தோற்றேன். போகப் போக, எந்தக் கார்டு வெளியே போய்விட்டது, எது இன்னும் கட்டுக்குள் இருக்கிறது என்பது மனதில் தானாக நிற்க ஆரம்பித்தது. ஸ்டோரில் உட்கார்ந்த பழக்கமாக இருக்கலாம். அவருடைய ஆட்டம் முழுவதும் எரிமலைப் பூதம் என்ற ஒரு கார்டை நம்பித்தான் ஓடுகிறது என்பதையும் கண்டுகொண்டேன். கொம்பு, தொங்கும் நாக்கு, வாயில் நெருப்பு. அறுபதில் நான்கு பூதங்கள். அது வந்தால் அத்தான் ராஜா, வராவிட்டால் வெறும் ஆள். அது வருவதற்குள் அவரை முடிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் கொடுத்த கட்டிலிருந்து ஒவ்வொரு கார்டாக உருவிவிட்டு, எனக்குத் தோதானதைச் சொல்லாமல் கொள்ளாமல் செருகினேன். என் கணக்கில் நான் அவரைப் பல தடவை ஜெயித்துவிட்டேன். அவர் கணக்கில் ஒரு தடவைகூட இல்லை. வீட்டில் அவர் கணக்குத்தான் செல்லுபடியாகும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. போட்ட கார்டைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு மேசையில், நடுவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இந்த மனிதரை ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும். கோப்பை வேண்டாம், பரிசு வேண்டாம். தோற்ற முகத்தோடு அவர் கை நீட்டி என் கையைக் குலுக்க வேண்டும். சிரிக்கிற மாதிரி ஆசைதான். ஆனாலும் ஆலையில் தராசு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தக் கைகுலுக்கலை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஏற்ற மாதிரி அலோர் ஸ்டார் மெர்கோங்கில் ஒரு போட்டி அறிவித்தார்கள். சனிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதால் லீவு கேட்டுப் பல்லிளிக்க வேண்டியதில்லை. நானும் பெயர் கொடுத்தேன். "வா வா, தொணக்கி ஆச்சு" என்றார் அத்தான். பண்டார் பாருவிலிருந்து அலோர் ஸ்டார் வரை தனியாக ஓட்டிப் போக அவருக்குச் சோம்பல். மேலும், அறிவுரை சொல்ல ஆளில்லாமல் அவரால் இரண்டு மணி நேரம் தாங்க முடியாது.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை ஆயுத பூஜை. அக்கா வீட்டில்தான் எப்போதும் செய்வோம், எங்கள் வீட்டிலிருந்து அடுத்த லோரோங், ஒரு சந்து தள்ளி. காடியைக் கழுவிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. சாமி மேடைக்கு முன்னால் அக்காவின் தையல் இயந்திரம், அம்மாவின் தேங்காய்த் துருவி, மடிக்கணினி, துளை போடும் மெஷின் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அத்தான் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தாம்பாளத்தை ஏந்தி வந்தார். அதில் நான்கு எரிமலைப் பூதங்கள், வரிசையாக, முகம் மேலே பார்க்க.

அம்மா பார்த்துவிட்டாள். "என்னா மாப்ள இது? சாமிக்கி மின்னாடி இந்த மூஞ்சியக் கொண்டாந்து வெக்கிறீங்க."

"இதான் அத்தே என் ஆயுதம்."

"ஆயுதமாவே இருக்கட்டும். மூஞ்சிய அந்தாண்ட திருப்புங்க. அம்மனுக்கு நேரா பூதத்தக் காட்டக் கூடாது."

நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். அத்தான் நான்கையும் குப்புறத் திருப்பி வைத்தார். அவர் உறைகள் வெள்ளை. வெள்ளைதான் ராசி என்று எங்கேயோ பார்த்திருந்தார். அந்த வெள்ளை முதுகின் நடுவில் அம்மா மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து, லாரிக்கு வைக்கிற அளவில், தாராளமாக வைத்து மேலே குங்குமமும் வைத்தாள். நாலுக்கும் நாலு பொட்டு. மீதி ஐம்பத்தாறு கார்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

என் கட்டு கைப்பையில் இருந்தது. "என்னோடதையும் வெக்கட்டா?" என்று கேட்டேன்.

"ஒனக்கெதுக்கு மா? நீ சும்மா வர்றே. எல்லாத்தையும் கூட்டமா போட்டா பவர் கொறஞ்சிடும்" என்றார் அத்தான்.

கோபமாக வந்தது. சாமிக்கு முன்னால் சண்டை போடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு சுண்டலை இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பதால் அன்றைக்கும் பயிற்சி இல்லை, மறுநாளும் இல்லை. வெள்ளி சாயங்காலம் அவரே அந்த நான்கையும் எடுத்து ஈரத் துணியால் துடைத்துக் கட்டுக்குள் சேர்த்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். உறையை மாற்றிவிட வேண்டியதுதானே என்று அவளே கேட்டிருக்கிறாள். பூஜை போட்டதை மாற்றினால் பூஜைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வழியில் ஓய்விடத்தில் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் வறுத்த நெத்திலியுமாக நாசி லெமாக் பசியாறினோம். சுங்கைப் பட்டாணி தாண்டும்வரை அறிவுரை. இந்த விளையாட்டில் எண்பது விழுக்காடு மூளை, இருபதுதான் அதிர்ஷ்டம் என்றார். போன மாதம் கடையில் ஒரு பையனிடம் தடுமாறியபோது இதே கணக்கு தலைகீழாக இருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. அவர் காடியில்தான் திரும்பியும் வர வேண்டும்.

மெர்கோங்கில் கைப்பேசிக் கடை ஒன்றுக்கு மேல்மாடி. நீள நீளமான மேசைகள், தலைக்கு மேலே கண் கூசும் குழல் விளக்குகள், உறைய வைக்கிற ஏர்கான். இருபது முப்பது பேர் இருப்பார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர்கள் கொஞ்சம், முக்கால்வாசி கல்லூரி வயது. நெருப்புப் படம் போட்ட ஜெர்ஸியில் இறுக்கமாக நுழைந்து வந்திருந்த அத்தானை எல்லோரும் "அங்கிள்" என்றார்கள். ஒவ்வொரு அங்கிளுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. என்னை "ஆண்ட்டி" என்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் நான் அதற்கும் கீழே.

நடுவர் ஒரு சீன இளைஞர், மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல். மலாயும் ஆங்கிலமும் கலந்து விதிகளைச் சொன்னார். உறைகள் எல்லாம் ஒரே மாதிரி, கறையோ கீறலோ இல்லாமல் இருக்க வேண்டும். மேசையில் வைத்த கார்டு வைத்ததுதான், விரல் மேலே இருந்தாலும் சரி. அந்த இடத்தில் நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அந்த விதியை எழுதியதே தான்தான் என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு சுற்றுகள் முடிந்தன. நான் மூன்றில் ஜெயித்தேன். அவரும் மூன்றில்தான். தோற்ற ஒன்றை "கிட்டத்தட்ட டிரா" என்றார். அந்த நேரத்தில் நான் என் மேசையில் இருந்தேன், அதையும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கடைசி நால்வரில் ஒருவராகப் போகலாம். யாருக்கு யார் என்பதைக் கணினிதான் பிரிக்கும். திரையில் பெயர் வந்தது. கெடா முழுவதிலிருந்தும் வந்திருந்த கூட்டத்தில், ஒரே காடியில் வந்து ஒரே தட்டில் வறுத்த நெத்திலி பொறுக்கித் தின்ற இரண்டு பேரை அது எதிரும் புதிருமாக உட்கார வைத்திருந்தது.

அத்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீ விட்டுக் குடுத்துடு மா. வெளயாடி எதுக்கு டென்ஷன்? நம்மள்ல ஒருத்தர் உள்ள போனா குடும்பத்துக்கு நல்லதுதானே."

"அந்த ஒருத்தர் நானா இருந்தா என்னா?"

சிரித்தார். குழந்தை ஏதோ சொல்லிவிட்டது போலத் தலையைத் தடவிக் கொடுக்காத குறை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

முதல் ஆட்டம் அவருக்கு. எடுத்த எடுப்பிலேயே பூதம் வந்தது, அடுத்த தடவையே இன்னொன்று. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு தடவை கார்டை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் விரலோடு திரும்ப இழுத்தார். நான் "அத்தான்" என்று மட்டும் சொன்னேன். நடுவர் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தார். விரலைச் சுட்டுக்கொண்டது போல எடுத்தார் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்கே நான் வந்த வழிச்செலவு சரியாகிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். அவர் கையில் விரித்துப் பிடித்திருந்த கார்டுகளில் ஒன்றின் வெள்ளை முதுகில், நடுவில், மங்கலாக மஞ்சள் வட்டம், ஓரத்தில் ரோஜா நிறம். காலையில் தின்ற சம்பல் என்று நினைத்தேன். அந்தக் கார்டை மேசையில் போட்டார். பூதம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மஞ்சள் வட்டம் கைக்கு வந்தது. அதுவும் பூதம். அம்மாவின் மோதிர விரல் அப்படியே கண்முன் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பூதம் கையில் இருக்கிறதா, இல்லையா, எப்போது வருகிறது, எல்லாம். பார்க்கக் கூடாதென்று அவர் ஜெர்ஸியைப் பார்த்தேன், குழல் விளக்கைப் பார்த்தேன். கண் சொன்னால் கேட்கிறதா? அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேன். கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை. ஜெயித்தது நானா, அம்மா வைத்த பொட்டா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருடம் ஆசைப்பட்டதை ஒரு துளிச் சந்தனம் நாசமாக்கிவிட்டதே என்று ஆத்திரம்தான் வந்தது.

மூன்றாவது ஆட்டம். ஆளுக்கு ஒன்று எடுத்துச் சமம், இதில் ஜெயிப்பவருக்குத்தான் எல்லாம். அத்தான் கட்டைக் கலைத்து என் முன்னால் வைத்தார், நான் வெட்டித் தர வேண்டும். மேலே இருந்த கார்டின் நடுவில் மஞ்சள் வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டினால் பூதம் கட்டுக்கு நடுவில் போய்விடும். வெட்டாவிட்டால் அவர் கைக்குப் போகும். வேண்டுமென்று செய்தாலும் வேண்டாமென்று விட்டாலும் இனி இது ஆட்டமாகாது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அத்தான், ஸ்லீவ் கறையா இருக்கு. மாத்திடுங்க. எங்கிட்ட புதுசு இருக்கு" என்றேன், மெதுவாகத்தான்.

குனிந்து பார்த்தார். "கறையா? சாமி சந்தனம் மா அது."

"தெரியும். அதான் சொல்றேன். எது பூதம்னு எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சிட்டுப் போவுது. தெரிஞ்சாலும் ஒன்னால என்னா செய்ய முடியும்?"

இதைக் கேட்டு நான் கொதித்துப் போனேன். ஆனாலும் இன்னொரு தடவை கேட்டேன். "மாத்துங்க அத்தான். சுத்தமா ஆடலாம்."

"சுத்தமா ஆடலாமா? அப்ப சாமி வெச்சது அசிங்கமா?" என்று குரலை உயர்த்தினார். கட்டை விரலை நாக்கில் நனைத்து அந்த வட்டத்தைத் தேய்த்தார். அது கரையாமல் இன்னும் நன்றாகப் படர்ந்து, பக்கத்து மேசைக்கும் தெரிகிற மாதிரி ஆனது. நான் கையை உயர்த்தினேன்.

நடுவர் வந்தார். கட்டை வாங்கி எல்லாக் கார்டையும் குப்புற விரித்தார். பொட்டு வைத்த நான்கை மட்டும் எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பினார். பூதம், பூதம், பூதம், பூதம். சுற்றி நின்றவர்களில் யாரோ விசிலடித்தார்கள்.

"அங்கிள், இது சாமிகிட்ட வெச்சதா?" என்று மலாயில் கேட்டார். அத்தான் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்றார். நடுவர் முகத்தில் கேலி இல்லை. "எங்கம்மாவும் என் கார்ட கோயிலுக்கு எடுத்துட்டுப் போவாங்க அங்கிள். வந்த ஒடனே நா ஸ்லீவ் மாத்திருவேன்" என்றார். பிறகு, அதே மெல்லிய குரலில் தீர்ப்பு. எங்கேயோ ஒரு கார்டில் கறை என்றால் மாற்றச் சொல்லி விட்டிருப்பாராம். இருப்பதிலேயே பலமான நான்கு கார்டில் மட்டும் அடையாளம் என்றால் விட முடியாது, இந்த ஆட்டம் அங்கிளுக்குத் தோல்வி. மூன்றாவது ஆட்டம் என்பதால் வெற்றி ஆண்ட்டிக்கு.

"வேண்டாம்" என்றேன். "அவர் மாத்திட்டு வரட்டும். ஆடுறோம்."

"தக் போலே, ஆண்ட்டி. முடியாது. இது ஒங்க ரெண்டு பேரு விஷயம் இல்ல" என்று தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் கார்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினார், நிதானமாக. கை நீட்டவில்லை. அந்த முகத்தில் தோல்வி எங்கேயும் இல்லை. அநியாயம் செய்யப்பட்டவரின் களை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, அது அவருக்கு நன்றாகப் பொருந்தியும் இருந்தது.

கடைசி நால்வரில் எனக்கு எதிரே பாலிங்கிலிருந்து வந்திருந்த ஒரு மருந்தாளர், நம்மவர்தான். பத்து நிமிடத்தில் என்னை முடித்துவிட்டார். "அக்கா, ஒங்க மனசு இங்கயே இல்ல" என்றார் ஆட்டம் முடிந்ததும். உண்மைதான். பரிசாக ஒரு பொட்டலம் கார்டு கொடுத்தார்கள். அதை நான் இன்னும் பிரிக்கவில்லை.

திரும்பும்போது காடியில் அறிவுரை இல்லை. அது ஒன்றுதான் அந்த நாளின் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குருண் தாண்டியதும் அக்காவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, "ஒன் தங்கச்சி ஜெயிச்சிட்டா. எப்படி ஜெயிச்சான்னு வந்து சொல்றேன்" என்றார். அவர் வந்து சொன்னார். ஊர் முழுக்கச் சொன்னார். தீபாவளி வருவதற்குள் கதை நன்றாகக் கொழுத்துவிட்டது. நான் வெளி ஆட்களுக்கு முன்னால் சாமி பொட்டைக் கறை என்று சொன்னேனாம், அழிக்கச் சொன்னேனாம், கார்டை விசிறி எறிந்தேனாம். முறுக்கு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஆனாலும் சாமி விஷயத்துல பாத்து நடந்துக்கணும் மா" என்றாள், முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டே.

அம்மா ஒரு வாரம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு டிவி பக்கம் போய்விடுவாள். பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல், "நா வெச்ச பொட்டுல என்னா கொற கண்டே நீ?" என்று கேட்டாள். பொட்டில் குறையில்லை, வைத்த இடம்தான் என்று எவ்வளவோ விளக்கினேன். "அப்ப காடிக்கு வெச்சா மட்டும் போலீஸ் புடிக்குதா?" என்றாள்.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். அத்தான் சொன்ன ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவ என்னய ஜெயிச்சாளான்னு அவளயே கேளுங்க. ஜட்ஜு குடுத்த ஆட்டம் அது. வெளயாடி ஒரு தடவ என்னய ஜெயிச்சிருக்காளா?" ஜட்ஜு குடுத்த ஆட்டம் என்பது மட்டும் உண்மை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

தீபாவளி முடிந்த வாரம் என் கட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"ஒரு மேட்ச் போடலாம் அத்தான். புது ஸ்லீவ் நானே வாங்கியாந்திருக்கேன்."

"நா விட்டுட்டேன் மா. அது சின்னப் பசங்க வெளயாட்டு."

"ஒரே ஒரு மேட்ச்."

"ஆடணும்னாலும் முடியாதுல்ல" என்று கையைச் சாமி மேடைப் பக்கம் காட்டினார். எழுந்து பார்க்கக்கூட இல்லை.

அம்மன் படத்துக்குக் கீழே நான்கு பூதங்களும் முகம் சுவர்ப் பக்கமாக வரிசையாக நின்றன, சாய்த்து வைக்க ஒரு சின்ன மரச் சட்டம் வேறு. அதே உறை, அதே வட்டம். பழைய சந்தனத்தின் மேல் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் புதிதாக வைப்பதில் பொட்டு இப்போது ஐம்பது காசு அளவுக்கு வளர்ந்திருந்தது. போட்டியில் அவ்வளவு பேருக்கு முன்னால் அவமானப்பட்ட கார்டு, அதற்குப் பரிகாரமாக இங்கேயே இருக்கட்டும் என்று அத்தான் சொன்னாராம். அதிலிருந்து வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, அவருக்கு ஷிஃப்டுகூட மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள் அக்கா. கோயில் கமிட்டியிலிருந்து வந்த ஒருவர் அதற்கு முன்னால் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு போனாராம்.

பூதம் இல்லாமல் அந்தக் கட்டை வைத்து அவர் ஆட முடியாது. சாமியிடம் இருக்கிற பூதத்தை யாரும் எடுக்கச் சொல்லவும் முடியாது. வாழ்நாள் முழுக்கத் தோற்காமலிருக்க மனிதர் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போது நான் மாதம் ஒரு தடவை பாலிங்குக்குப் போய் ஆடுகிறேன், அந்த மருந்தாளரும் அவர் நண்பர்களும் ஆடும் கடையில். அடிக்கடி ஜெயிக்கிறேன். தோற்றவர்கள் கை நீட்டிக் குலுக்குகிறார்கள். ஆனாலும் பசியாறின மாதிரி இல்லை.

அக்கா வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில் போனால் தப்ப முடியாது. அத்தான் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா விளக்கேற்றிவிட்டு, "கும்புட்டுக்கோ" என்பாள். போன வாரமும் சொன்னாள். கை கூப்பி நின்றேன். பூதங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இந்த மனிதருக்கு ஒரே ஒரு தடவை கை அரித்து, இந்த நாலையும் எடுத்துக்கொண்டு என்னெதிரில் வந்து உட்கார வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.